ஒரு வேலையும் இல்லாத ஊருக்கு

ஆகஸ்ட் 5

இன்று ஒரு வரி எழுதி வரச் சொன்னார் டீச்சர். இதுதான் அது.

ஆகஸ்ட் 6

"ஒண்ணு கேட்டா ரெண்டு கொண்டு வந்திருக்கீங்களே அய்யா" என்றார் டீச்சர். புள்ளி வைத்த இடத்தில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கிவிடுமாம். எனக்குத் தெரியாமலே இரண்டு எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

தினமும் எழுதுங்கள் என்று நோட்டு கொடுத்திருக்கிறார். என்ன எழுதுவது என்று கேட்டேன். யார் நீங்கள், என்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எதுவானாலும் சரி என்றார்.

என் பெயர் பேச்சிமுத்து. ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் உப்பளக்காரர்கள் குடியிருப்பில் இருக்கிறேன். தாடையில் மயிர் முளைக்கும் முன்பே உப்பளத்துக்குப் போனேன், முழங்கால் மடங்காமல் போனதும் நின்றேன். என் மனைவி பெயர் சந்தனமாரி. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். பழைய சோறும் சுட்ட கருவாடும் சாப்பிட்டேன்.

கை வலிக்கிறது. நல்ல வலி.

ஆகஸ்ட் 8

எங்கள் வகுப்பைப் பற்றி எழுத வேண்டும்.

சாயங்காலம் அங்கன்வாடியில் நடக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் போவோம். நாற்காலி எல்லாம் முழங்கால் உயரம். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். சுவரில் யானை, மயில், ஆப்பிள். யானைக்குப் பக்கத்தில் என் இடம். என் பக்கத்தில் சந்தனமாரி. அவளும் படிக்கிறாள். என்னைவிட வேகமாகப் படிக்கிறாள் என்று அவளே சொல்கிறாள்.

டீச்சர் பெயர் இசக்கியம்மாள். கல்லூரி முடித்த சின்னப் பெண். ஆறு மாதத்துக்கு முன்னால், முதல் நாள் வகுப்பில் நாங்கள் அ, ஆ என்று தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தோம். அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. கடைக்காரர் மாதிரி எங்கள் முன்னால் வந்து நின்று, "உங்களுக்கு எந்த வார்த்தை வேணும்?" என்று கேட்டார்.

முன்பு லாரியில் மூடை ஏற்றிக்கொண்டிருந்த கொம்பையாதான் முதலில் கேட்டான். "புரோட்டா."

சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டு, "இவிய பேரு" என்றாள். "வாயால சொல்லக் கூடாதுல்லா டீச்சர். எழுதினா தப்பில்லையே?"

எங்கள் பக்கம் அவள் வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட இவள் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள்.

நான் உப்பு என்றேன். டீச்சர் ஒரு தாம்பாளத்தில் உப்பைப் பரப்பி, என் விரலைப் பிடித்து அதில் எழுத வைத்தார். உப்பில் உப்பு என்று எழுதினேன். எத்தனை வருடம் அதை வாரிக் குவித்திருக்கிறேன். அது தன் பெயரை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

"வே, உப்ப வேஸ்ட் பண்ணுதேருன்னு முதலாளி கூலியப் பிடிச்சிரப் போறாரு" என்றான் கொம்பையா.

ஆகஸ்ட் 9

சந்தனமாரி இந்த நோட்டை எடுத்துப் படித்துவிட்டாள். "கருவாடு சுட்டது யாரு? அத எழுதல?" என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். இனிமேல் பார்த்து எழுத வேண்டும்.

கருவாட்டைச் சுட்டது சந்தனமாரி. மிகவும் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14

இன்று முதுகில் எழுதும் விளையாட்டு. ஒருவர் முதுகில் மற்றவர் விரலால் எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். எழுத்து கண்ணில் மட்டும் இருந்தால் போதாது, தோலிலும் இருக்க வேண்டும் என்றார் டீச்சர்.

என் முதுகில் சந்தனமாரி எழுதினாள். எல்லோரும் பார்க்க என் பெண்டாட்டி என் முதுகில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்றுகூட நடக்கவில்லை. கூச்சம் தாங்காமல் நெளிந்தேன். முதல் எழுத்து 'அ' என்று தெரிந்தது. பிறகு என்னென்னவோ வளைந்து வளைந்து ஓடியது. "அவரைக்காய்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

"அதுவா எழுதினேன்? போங்க" என்றாள்.

"பின்ன என்னட்டி எழுதுன?"

"தெரியலன்னா விடுங்க."

வீட்டுக்கு வந்தும் கேட்டேன். சொல்லவில்லை. அவரைக்காய்ப் பொரியல் வைத்தாள். வேண்டுமென்றே வைத்தாள்.

ஆகஸ்ட் 16

நேற்று கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மதியம் படுத்தபோது ஒரு கனவு. உப்பளத்தில் பாத்தி முழுக்கத் தண்ணீர். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வெள்ளை. அதில் பூநாரைகள் நிற்கின்றன. பக்கத்தில் போனால் பூநாரை இல்லை, எழுத்துகள். 'ர' ஒற்றைக் காலில் நிற்கிறது. 'ஞ' கழுத்தை வளைத்து எதையோ கொத்துகிறது. நான் கால் வைத்ததும் எல்லாம் எழுந்து பறந்தன. கீழே இருந்து படித்துக்கொண்டே இருந்தேன். என்ன எழுதியிருந்தது என்று எழுந்ததும் மறந்துவிட்டது. ஆனால் படித்தேன்.

ஆகஸ்ட் 20

இன்று பஸ் விளையாட்டு. இதைப் பெரிதாக எழுதப் போகிறேன். நாளைக்கும் சேர்த்து எழுதுவேன்.

டீச்சர் நாற்காலிகளை இரண்டு இரண்டாகப் போட்டார். அதுதான் பஸ். கொம்பையா கண்டக்டர். விசில் எங்கிருந்தோ கொண்டு வந்திருந்தான். டீச்சர் அட்டைகளில் ஊர்ப் பெயர் எழுதி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். அதுதான் போர்டு. எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் முன்பே சொல்லியிருப்பார். அந்த ஊர் வந்தால் ஏற வேண்டும். தப்பான பஸ்ஸில் ஏறினால் கொம்பையா இறக்கிவிடுவான்.

"ஏறு ஏறு! படியில நிக்காத! சில்லறை வச்சிருக்கியா?" என்று அவன் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மீன் விற்கும் குருசம்மா ஆத்தூர் போக வேண்டியவள் ஏரல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். "இறங்கு தாயி, ஏரல்ல மீன் விக்காது" என்று இறக்கிவிட்டான்.

நான் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஸ்ரீவைகுண்டம் என்ற கஷ்டமான போர்டில்கூட ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 21

பஸ் விளையாட்டின் மிச்சம்.

எனக்கு அது ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எழுதுகிறேன். இத்தனை வயது வரை பஸ் நிலையத்தில் நான் செய்தது ஒன்றுதான். கேட்பது. "தம்பி, இது எங்க போகுது?" "அம்மா, திருச்செந்தூர் பஸ் வந்துட்டா?" ஒரு தடவை திருநெல்வேலியில் சட்டையை உள்ளே விட்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். "கண்ணு இல்லையா? போர்டுல போட்டிருக்குல்லா" என்றார். கண் இருந்தது. நல்ல கண். போர்டைப் பார்த்தேன். வெள்ளையில் கறுப்பாகக் கோடுகள் இருந்தன. அவ்வளவுதான். அப்போது மகளைக் கையில் பிடித்திருந்தேன். அவள் என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

யாரையும் கேட்காமல் ஒரு ஊருக்குப் போக வேண்டும். ஒரே ஒரு தடவை போனால் போதும். எனக்கு இப்போது இதுதான் ஆசை.

ஆகஸ்ட் 27

இந்த வருடம் பனி சீக்கிரம் வந்துவிட்டது. காலையில் தெருமுனை தெரிவதில்லை. மதியம்கூட லேசாக இருக்கிறது. வேப்பமரம் பஞ்சு மாதிரி நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. சந்தனமாரியிடம் சொன்னேன். அவள் வெளியே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமா, பனிதான்" என்றாள்.

டீச்சரிடம் தடித்த பேனா கேட்டு வாங்கினேன். மெல்லிய பேனா எழுத்துக்கு மரியாதை இல்லை.

ஆகஸ்ட் 30

வகுப்பில் டியூப் லைட்டைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. மஞ்சள், பச்சை, ஊதா. கோயில் கொடை விழாவில் போடும் தோரணம் மாதிரி. வேறு யாருக்கும் தெரியவில்லையாம். படிப்பு வந்தால் இதெல்லாம் தெரியும் போலிருக்கிறது.

நோட்டு சீக்கிரம் தீர்கிறது. ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் பிடிக்கிறது.

செப்டம்பர் 2

டீச்சர் இன்று பரீட்சையைப் பற்றிச் சொன்னார். அரசாங்கப் பரீட்சை பிறகு வரும். இது அவருடைய சொந்தப் பரீட்சை.

"ஒவ்வொருத்தரும் தனியா பஸ் ஏறி ஒரு ஊருக்குப் போய்ட்டு வரணும். அந்த ஊர்ல உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது. சொந்தக்காரங்க, கல்யாணம், சாவு வீட்டுத் துட்டி, ஆஸ்பத்திரி, நேர்ச்சை எதுவும் கூடாது. போர்டப் படிக்கணும், ஏறணும், இறங்கணும். யாருகிட்டயும் கேக்கக் கூடாது. அந்த ஊர்ல ஒரு வார்த்தையப் படிச்சு எடுத்துட்டு வந்து இங்க சொல்லணும்."

"வேலை இல்லாத ஊருக்கு எதுக்கு டீச்சர் போவான்?" என்று கேட்டாள் குருசம்மா.

"அதுக்குத்தான்" என்றார் டீச்சர்.

நான் யோசித்துப் பார்த்தேன். வேலை இல்லாத ஊருக்கு நான் போனதே இல்லை. அப்படி ஒரு ஊர் இருக்கும் என்றுகூட நினைத்ததில்லை. கண்ணை மூடினால் ஒரு ஊர் தெரிகிறது. அதில் எல்லோரும் சும்மா நடக்கிறார்கள்.

நான் நாசரேத் என்றேன். குரும்பூரில் பஸ் நிற்கும்போதெல்லாம் கண்டக்டர்கள் அந்தப் பெயரை நீட்டிக் கூப்பிடுவார்கள். "நாசரேஏஏத்." ஒரு நாளும் அது என்னை இல்லை. இனி என்னைத்தான்.

கொம்பையா திருச்செந்தூர் போகிறானாம். "சாமி கும்பிடாம திரும்பி வரப் போறேன். முருகனே திகைச்சுப் போயிருவாரு."

சந்தனமாரி எங்கேயும் போகவில்லை என்றுவிட்டாள். வீட்டில் வேலை கிடக்கிறதாம்.

செப்டம்பர் 6

பஸ் விளையாட்டு மறுபடியும். இந்தத் தடவை டீச்சர் போர்டைக் கதவுப் பக்கம் நின்று காட்டினார். நிஜ பஸ் தூரத்தில்தானே வரும் என்றார்.

மூன்று தடவை தப்பாக ஏறினேன். "வே, நேத்து வரைக்கும் நீருதான் டிப்போ மேனேஜரு, இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கொம்பையா சட்டையைப் பிடித்து இறக்கினான். சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "அய்யா, கண்ணு ஏதும்…" என்றார்.

"கண்ணெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஞாபகம்தான் கொஞ்சம்" என்றேன்.

பிறகு நாலாவது தடவை சரியாக ஏறினேன். ஐந்தாவதும் சரி. அதற்குள் பாவம் சந்தனமாரிக்கு இருமல் வந்துவிட்டது. ஒவ்வொரு போர்டு வரும்போதும் இல்லை, அவ்வப்போது.

செப்டம்பர் 7

சந்தனமாரிக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மிளகும் தட்டிப் போட்டேன். "எதுக்கு?" என்றாள். "நேத்து இருமுனியே" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடக் மடக்கென்று குடித்தாள். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கண்ணைப் பற்றி இந்த நோட்டில் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதும்படி ஒன்றும் இல்லை. படிப்பவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 11

குடியிருப்புக்குக் கண் பார்க்கும் வேன் வந்தது. நான் போவதாக இல்லை. சந்தனமாரி, "எனக்குப் பாக்கணும், துணைக்கு வாங்க" என்று கூட்டிப் போனாள். போன இடத்தில் என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

நர்ஸ் அம்மா, "எழுதப் படிக்கத் தெரியுமா அய்யா? தெரியாட்டி வேற அட்டை இருக்கு, கையால காட்டினாப் போதும்" என்றார்.

"எழுத்து அட்டையே வைங்க" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

எனக்கு முன்னால் கொம்பையா நின்றான். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தான். நல்ல குரல் அவனுக்கு. ட, ப, ம, க, ர, ச. பிறகு என் முறை. நின்றேன். மூச்சை இழுத்துக்கொண்டு ட, ப, ம, க, ர, ச என்று ஒரே ஓட்டமாகப் படித்துவிட்டேன்.

"அய்யா, வெறும் பக்கம்தான் தெரியுது, இன்னும் அட்டையத் திருப்பவே இல்லையே" என்றார் நர்ஸ்.

அவ்வளவு வேகம் எனக்கு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெதுவான குரலில் ஏதோ சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை, உப்பளத்து வெள்ளை வெயில், முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன், அடுத்த மாதம் வேன் வந்து கூட்டிப் போகும், அதுவரை தனியாக ரோட்டுக்குப் போக வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுதான். சந்தனமாரி பக்கத்தில் பெண்கள் வரிசையில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

நாசரேத் போகும் நாள் அதற்கு முன்பே வந்துவிடும். முதலில் அது.

செப்டம்பர் 12

நெத்திலிக் குழம்பு. மிகவும் நன்றாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 17

இன்று கண்ணை மூடிக்கொண்டு உப்பில் படித்தோம். டீச்சர் உப்பை நனைத்து அழுத்தி அதில் குச்சியால் ஆழமாக எழுதி வைப்பார். நாங்கள் தடவிப் படிக்க வேண்டும். விரல் பள்ளத்தில் இறங்கி, வளைந்து, ஏறி வெளியே வரும். வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி. இதில் என்னை யாராலும் மிஞ்ச முடியவில்லை. உப்பில் இருக்கும் கல், குருணை எல்லாம் என் விரலுக்குப் பழக்கம்.

சந்தனமாரி எழுதி வைத்ததையும் படித்தேன். என் பெயர். இவளுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "எனக்குப் பிடிச்சத எழுதுதேன், உங்களுக்கு என்ன?" என்றாள்.

பிறகு பஸ் விளையாட்டு. எல்லா பஸ்ஸும் சரி. அவளுக்கு இருமல் இன்னும் விடவில்லை.

செப்டம்பர் 22

நாளை மறுநாள் போகிறேன். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். சந்தனமாரி ஒன்றும் சொல்லவில்லை. போக வேண்டாம் என்பாள் என்று பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வீணாகப் போயிற்று.

கனவில் ஒரு பஸ் வந்தது. போர்டே இல்லை. உள்ளே எல்லோரும் வெள்ளையாக இருந்தார்கள். கண்டக்டர், "உமக்கு எங்க வேணும்?" என்றார். எங்கேயும் வேண்டாம் என்றேன். "அப்ப ஏறும்" என்றார்.

செப்டம்பர் 25

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். இன்று முடியாவிட்டால் நாளையும் எழுதுவேன். சந்தனமாரி பக்கத்தில் உட்கார்ந்து வரி கோணலாகப் போகாமல் பார்த்துக்கொள்கிறாள். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதச் சொல்கிறாள்.

காலையில் பழைய சோற்றின் நீச்சத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். தெருவில் பனி. எனக்கு மட்டும் பெய்யும் பனி என்று இப்போது எழுதலாம். அப்போது அப்படி நினைக்கவில்லை.

ஆறுமுகநேரி பஜாரில் வெள்ளை வெளிச்சம். ஆட்கள் நிழலாகப் போகிறார்கள், வருகிறார்கள். நான் பஸ் நிற்கும் இடத்தில் தூணோடு நின்றேன். ஒரு பஸ் வந்தது. நெற்றியில் மஞ்சள் வெளிச்சம். அதில் எழுத்து நிற்காமல் ஓடுகிற மாதிரி இருந்தது. பிடிக்க முடியவில்லை. கொஞ்ச தூரத்தில் யாரோ ஒரு அம்மா பலமாக இருமினார். பாவம், ஊர் முழுக்க இருமல் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

இன்னொன்று வந்தது, போனது. பக்கத்தில் நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் மாறவில்லை. பூக்கட்டும் பெண், "தாத்தா, எங்க போகணும்?" என்று கேட்டாள். வாய் வரை வந்துவிட்டது நாசரேத். விழுங்கிவிட்டு, "சும்மா நிக்கேன் தாயி" என்றேன்.

மறுபடியும் ஒரு பஸ். அந்த அம்மா மறுபடியும் இருமினார். இந்தத் தடவை தொண்டை கிழிகிற மாதிரி. தண்ணீர் கொடுக்க யாரும் இல்லையா என்று இருந்தது. அதுவும் போய்விட்டது.

இனியும் நிற்க வெட்கமாக இருந்தது. அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். போர்டைப் படிக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. படித்த மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன்.

கண்டக்டர் வந்தார். "கடைசி வரைக்கும் ஒண்ணு" என்றேன். யாரிடமும் கேட்கவில்லை அல்லவா.

ஜன்னலோரம். காற்று. வெளியே பச்சையும் வெள்ளையும் கலந்து ஓடியது. பனை எது, ஆள் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தூக்கத்தில் நடக்கிற மாதிரி. நான் சும்மா போகிறேன், ஒரு வேலையும் இல்லை என்று நினைத்ததும் வயிற்றுக்குள் குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தாலும் மூடினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் மூடியே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 26

மிச்சம்.

பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

நாசரேத் என்றால் கடை, ஜனம், கோயில் மணி எல்லாம் இருக்க வேண்டும். இங்கே சத்தமே இல்லை. பனையோலை உரசுகிறது. எங்கோ ஆடு கத்துகிறது. காலுக்குக் கீழே மணல், மெத்தை மாதிரி. செருப்பைக் கழற்றிக் கால் வைத்துப் பார்த்தேன். சுட்டது. எங்கள் பக்கத்துச் செம்மணல் காடான தேரியின் மணல்.

தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. இறக்கிவிட கொம்பையா இல்லை.

கொஞ்சம் பயம் வந்தது. கொஞ்சம்தான் என்று எழுதலாம் என்று பார்த்தேன். சந்தனமாரி உள்ளபடி எழுதச் சொல்கிறாள். நிறையப் பயம் வந்தது. கேட்டால் போதும். டீக்கடையில் குரல் கேட்டது. "இது எந்த ஊர் தம்பி?" என்றால் முடிந்துவிடும். அந்த ஒரு கேள்விதானே நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை கேட்கவில்லை.

கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு சுவர் தட்டுப்பட்டது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் நிழற்குடை. உள்ளே சிமெண்டுத் திண்டு. உட்கார்ந்து சுவரில் கையை வைத்தேன். சுவரில் ஒரு இடம் மட்டும் குளிர்ச்சியாக, வழுவழுப்பாக இருந்தது. கல். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வளைந்தது. ஏறி வெளியே வந்தது.

எழுத்து!

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். 'ப'. மூன்று கோடு, மேலே திறப்பு. உப்பில் எத்தனை தடவை போட்டிருக்கிறேன். 'ய'. 'ணி'. பயணியர் நிழற்குடை. அதை முடிக்கவே வேர்த்துவிட்டது. அடுத்த வரிக்கு இறங்கினேன். 'நா' என்று வந்தது. நாசரேத்தோ என்று விரலை வேகமாக நகர்த்தினேன். அடுத்த எழுத்து 'ச' இல்லை. 'வ'. பிறகு 'ல்'. பிறகு 'மொ'. கொம்பு, அதன் பின் எழுத்து, அதன் பின் கால், ஒன்றும் விடாமல் தடவினேன். கடைசியாக 'ழி'.

நாவல்மொழி.

உரக்கவே சொன்னேன். "நாவல்மொழி." யாரையும் கேட்காமல், ஒரு ஊர் தன் பெயரை என் விரலில் சொல்லிவிட்டது. எனக்கு அங்கே யாரும் இல்லை. ஒரு வேலையும் இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

பஜாரில் இருமிய அதே அம்மா. அந்த இருமலை இப்போதுதான் சரியாகக் கேட்டேன். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேனே, அந்த இருமல்.

"ஏட்டி?" என்றேன்.

"எத்தன பஸ்ஸுக்குத்தான் இருமுறது?" என்றாள் சந்தனமாரி. "தொண்டையே புண்ணாப் போச்சு. நாசரேத் பஸ்ஸு ரெண்டு வந்துச்சு, ரெண்டுக்கும் இருமினேன். மரம் மாதிரி நிக்கிய. அப்புறம் எதுலயோ ஏறிட்டிய. நான் ஓடி வந்து முன்பக்கம் ஏறினேன்."

"நீ வீட்டுலல்லா பாத்திரம் தேய்ச்ச?"

"தேய்ச்சேன். கழுவாமப் போட்டுட்டு வந்துட்டேன்."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"பேரச் சொல்லியா கூப்பிட முடியும் பஜார்ல? இருமத்தான் முடியும்."

"அப்ப வகுப்புலயும்…"

"ஆமா."

"சளியே கிடையாதா?"

"சுக்குத் தண்ணி குடிச்சதுலதான் வயிறு எரிஞ்சுச்சு."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் சொன்னது அவளுக்கு அன்றே கேட்டிருக்கிறது. அதற்கும் முன்னால், நான் பனி என்று சொன்ன அன்றே தெரியுமாம். ஆகஸ்டில் எந்த ஊரில் பனி என்று கேட்டாள்.

"பின்ன ஏன் போக வேண்டாம்னு சொல்லல?" என்றேன்.

"நோட்டுல பெரிய எழுத்துல எழுதி வச்சிருந்திய. ஒரே ஒரு தடவை போனாப் போதும்னு" என்றாள்.

பிறகு கல்லைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? பெயிண்டெல்லாம் உதிர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியலியே. நீங்க எப்படிப் படிச்சிய?" என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து 'நா'வின் பள்ளத்தில் வைத்தேன். நானும் அவளும் மறுபடி முதலிலிருந்து படித்தோம்.

அதே பஸ் திரும்பியது. குரும்பூரில் இறங்கினோம். நாசரேத் போகாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றேன். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

அங்கே பஸ்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் என் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, வருகிற பஸ்ஸின் போர்டை விரலால் அதில் எழுதினாள். திருச்செந்தூர். அது இல்லை என்றேன். ஏரல். அது இல்லை. உடன்குடி. இல்லை. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இருமவும் இல்லை. பிறகு ஒன்று வந்தது. 'நா' எழுதினாள். 'ச' எழுதினாள். அதற்கு மேல் எழுதவிடாமல் கையை மூடிக்கொண்டு ஏறிவிட்டேன்.

நாசரேத்தில் டீ குடித்தோம். ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தோம். கோயில் மணி அடித்தது. எங்களுக்கு இல்லை. நின்று கேட்டோம். திரும்பி வந்தோம். எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் அவ்வளவு படிப்பு வரவில்லை.

செப்டம்பர் 27

வகுப்பில் எல்லோரும் தாங்கள் கொண்டு வந்த வார்த்தையைச் சொன்னோம். குருசம்மா 'தக்காளி சாதம்' கொண்டு வந்தாள். கொம்பையா 'செருப்புகளை இங்கே விடவும்' கொண்டு வந்தான். "விடாம வந்துட்டேன்" என்றான். நான் நாவல்மொழி என்றேன்.

"நாசரேத்துல நாவல்மொழி எங்கய்யா இருக்கு?" என்றார் டீச்சர்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணையும் சொன்னேன். அட்டையைத் திருப்பும் முன்னால் படித்ததையும் சொன்னேன். கொம்பையா விசிலை எடுத்து ஊதவில்லை. "வே, நான் மெதுவாப் படிச்சிருப்பேனே" என்றான்.

தனியாகப் போகவில்லை, அதனால் பரீட்சையில் தோற்றுவிட்டேனா என்று கேட்டேன். டீச்சர் மேசையைத் துடைத்தார். பிறகு சந்தனமாரியைப் பார்த்து, "ஆச்சி, நீங்க எங்கயும் போகலன்னு சொன்னீங்கல்ல? உங்க ஊரு எது?" என்றார்.

"எனக்கும் நாவல்மொழிதான். அங்க எனக்கும் ஒரு வேலையும் இல்ல" என்றாள் சந்தனமாரி.

"இவியளுக்குப் பின்னால ஓடுனது வேலை இல்லையா?" என்றான் கொம்பையா.

"அது தினமும் உள்ளதுதான்" என்றாள்.

அக்டோபர் 10

நேற்று வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். மற்றதில் பழைய பனி. அதனால் இரண்டையும் மூடிக்கொண்டு எழுதுகிறேன். டீச்சர் ஒரு அட்டையில் வரிசையாக நூல் இழுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் பேனா போகிறது. பாத்திக்குள் நடப்பது மாதிரிதான். வரப்பு தட்டினால் திரும்ப வேண்டும்.

தலையை ஆட்டக் கூடாது, குனியக் கூடாது, தும்மக் கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் பஸ்ஸைப் பற்றி ஏதோ சொன்னதும் நாவல்மொழிக் கதையைச் சொல்லத் திரும்பப் போனேன். என் முதுகில் ஒரு விரல் வந்து நின்றது.

எழுத ஆரம்பித்தாள். முதலில் 'அ'. அதே பழைய வார்த்தை என்று உடனே தெரிந்துவிட்டது. அங்கன்வாடியில் எல்லோரும் பார்க்க எழுதிவிட்டு என்னவென்று சொல்லாமலே வைத்திருந்தாளே, அது. இந்தத் தடவை நெளியவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டேன். 'சை'. 'யா'. 'தி'. 'ய'.

"அசையாதிய" என்று படித்தேன்.

"அன்னிக்கே இதத்தான் எழுதினேன்" என்றாள் சந்தனமாரி. "நெளிஞ்சுட்டே இருந்தா எப்படிப் படிப்பிய?"

அசையாமல் படுத்திருந்தேன்.